நாப்பத்தொண்ணாவது மரம்

ஆடி 10, வெள்ளி

காத்து ஜாஸ்தி. செங்கம் ரோட்டு மண்ணெல்லாம் நம்ம வாசல்ல. ரெண்டு தடவை பெருக்கியாச்சு. செம்பருத்திக்குத் தண்ணி. மோட்டார் சுவிட்சு சுடுது, வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்.

மாடி ரூம்ல டீச்சரம்மா. பேரு சரளா, பாண்டிச்சேரியில காலேஜு. நம்ம பக்கத்துப் பேச்சை டேப்புல பிடிச்சு, ஒவ்வொரு வாக்கியத்தையும் கம்ப்யூட்டர்ல மரமா போடறாங்க. சித்திரையில என்னையும் பேச வெச்சாங்க. காவக்காரன்கிட்ட என்ன பேச்சு இருக்குதுன்னேன், விடல. மரம் தலைகீழ். முக்கியமான வார்த்தை உச்சியில, மத்ததெல்லாம் கீழ தொங்குது.

"இது என்னாம்மா மரம், வேரு மேல இருக்குது?"

"வௌவால் மாதிரி தொங்கிப் பாருங்க தாத்தா, சரியா இருக்கும்."

வாய் ஜாஸ்தி அந்தம்மாவுக்கு.

கரண்ட் போய் வந்துது. டீச்சரம்மா கருப்பு ஸ்கிரீன்ல ஒரு வரி அடிச்சாங்க, மரம் வர்ற சன்னலுக்கு. சன்னல் தொறந்துது. தொறந்ததுமே அவ.

மேல வாக்கியம் இருந்துது. முதியோர் பள்ளியில கத்துக்கிட்ட எழுத்து, கூட்டிக் கூட்டிப் படிச்சேன். அடுப்புல பால் இருக்குது, பாத்துக்கோங்க, தோ வந்துட்டேன்.

எண்பத்தொம்பதுல கார்த்திகை தீபத்தன்னிக்கு எம் பொஞ்சாதி சொன்னது, டேப்புல நான் சொல்லியிருந்தேன். மஞ்ச சீலை. இடுப்புல சாவிக்கொத்து. ஒரு கால் செருப்புல, ஒரு கால் படியில. மலை மேல தீபம் ஏத்தறதைப் பாத்துட்டு வரேன்னு அந்தக் கூட்டத்தோட போனவதான். பொணமும் இல்ல, சேதியும் இல்ல.

தோட்டத்துக்கு எறங்கி வந்துட்டேன்.

ஆடி 11, சனி

கரண்ட் மூணு தடவை கட். வந்தப்பல்லாம் அந்தம்மா வரியைப் போட, அப்பல்லாம் அவதான். எத்தினியோ பேர் பேசியிருக்காங்க. கீழ்பென்னாத்தூர்லேந்து கடலை விக்க வர்ற மல்லாட்டைக்காரர், பூக்காரம்மா, ஆட்டோக்கார பாய். அவங்கல்லாம் உள்ள இருக்காங்க. இவ மட்டும் வாசல்ல நிக்கறா.

மத்தியானம் சோறு எறங்கல. கீரை நல்லாத்தான் இருந்துது.

சாயங்காலம் செல்வி. என் மக, பக்கத்துத் தெருவுலதான் குடித்தனம். மறுபடி அதே பேச்சு.

"வர்ற அமாவாசைக்கு அய்யங்குளத்துல அம்மாவுக்கு எள்ளுந்தண்ணி விட்டுடுப்பா."

"உசுரோட இருந்தா?"

"பத்தொம்பது வருசம்ப்பா. இருந்தா ஒரு கார்டு போடாதா? போய்ச் சேந்துட்டிருந்தா தாகத்தோட நிக்குமே. உன் வாசல்லதானே நிக்கும்."

இவ மாடிக்குக்கூட வந்தது இல்ல, எப்படி அந்த வார்த்தை வந்துது இவளுக்கு?

எள்ளுந்தண்ணி விட்டா, உசுரோட இருக்கிறவளை நானே சாவடிச்ச மாதிரி. விடலன்னா, தாகத்தோட நிக்க வெச்ச மாதிரி.

ஆடி 13, திங்கள்

தூறல். மண்ணு நனையல.

கேட்டே புட்டேன். "ஏம்மா, இத்தினி மரத்துல ஏன் எப்பவும் அந்த ஒண்ணே வருது?"

சிரிச்சாங்க. "பேய் இல்ல தாத்தா, நான்தான். அந்த வரியில நான் சொல்ற மாதிரிதான் அது தொறக்கும்." சொல்லிக் காட்டினாங்க. மறக்கறதுக்கு முந்தி எழுதறேன். நான் எங்க மறக்கப் போறேன்.

மொதல்ல புரோகிராம் பேரு.
மைனஸ் ஜீ. சன்னல் எம்மாம் பெருசு.
மைனஸ் சி. கலரு, எழுத்தெல்லாம் அவங்க வெச்சிருக்கிற மாதிரி வர.
மைனஸ் எம். அவங்களே செஞ்சு வெச்ச சுருக்கு வேலைங்க.
அப்புறம் பைல் பேரு. அதோட ஒட்டி ரெண்டு ஆஷ், குறுக்கும் நெடுக்கும் ரெண்டு ரெண்டு கோடு போட்ட குறி, அப்புறம் 41. நாப்பத்தொண்ணாவது மரத்துல தொறன்னு அர்த்தம்.

"பால்ங்கற வார்த்தையை எங்க தொங்க விடறதுன்னு அதுலயே நாலு நாள் மாட்டிக்கிட்டேன். அதான் நம்பர் போட்டேன். அம்பு பட்டனை அமுக்கினா பழைய வரியே வருதா, எடுக்க மறந்துட்டேன்."

41-ஐ அழிச்சாங்க. மறுபடி போட்டாங்க. மொத மரம் வந்துது. மல்லாட்டைக்காரர், பஸ்ஸுல சீட்டு இல்லன்னு.

நிம்மதியா இருக்கணும். இல்ல.

ஆடி 14, செவ்வாய்

காலையில கரண்ட் கட். வந்ததும் மல்லாட்டைக்காரர். மத்தியானமும் அவரே. எனக்கென்னாத்துக்கு அந்தாளு சீட்டு?

வாசல்ல நின்னவளைத் துரத்தி விட்டுட்ட மாதிரி இருக்குது.

பூக்காரம்மா சொன்ன ஒரு வாக்கியம் ரெண்டு தடவை ஏறியிருக்குதாம். ஒரு மரத்தைத் தூக்கிட்டாங்க. கீரைப் பாத்தியில புல்லு எடுக்கிற மாதிரி, ஒரு தட்டு, அவ்ளோதான்.

மோட்டார் சுவிட்சு மாத்தியாச்சு.

ஆடி 16, வியாழன்

நாளைக்கு அமாவாசை. நாளைக்கே டீச்சரம்மாவும் ஊருக்கு. பொட்டியில புஸ்தகம் அடுக்கறாங்க, கயிறு கட்டிக் குடுத்தேன்.

செல்வி வந்தா. இந்தத் தடவை கத்தல. அதுதான் பயமா இருக்குது.

"நான் எத்தினி நாள்ப்பா கேட்டுக்கிட்டே இருக்கறது? நீயும் போயிட்டா அம்மாவை ஆர் கூப்புடுவா?"

டீ வாங்கி வரேன்னு எழுந்து போயிட்டேன். கடையிலயும் வாய்க்குள்ள மைனஸ் ஜீ, மைனஸ் சி.

ஒரே ஒரு தடவை அந்த மரத்துல அவளைப் பாத்துட்டா செல்விகிட்ட சொல்லிடலாம், ஆமான்னோ இல்லன்னோ.

ஆடி 17, வெள்ளி. அமாவாசை

காத்து நின்னு போச்சு. மலை மேல மேகம் அசையல.

மேல போனேன். "அந்த வரியை நான் ஒரு தடவை போடட்டுமாம்மா?"

"போடுங்க தாத்தா, வெடிக்காது."

இங்கிலீசு எழுத்து தெரியாது. எந்தக் கட்டையில அவங்க வெரல் விழும்னு தெரியும். ஒத்தை வெரல்ல ஒவ்வொண்ணா. பைல் பேரு. ரெண்டு ஆஷ். நாலு. ஒண்ணு. டீச்சரம்மா பொட்டியை விட்டுட்டுப் பின்னாடி வந்து நின்னாங்க. "அடேங்கப்பா, ஒரு புள்ளி தப்பல."

சன்னல் தொறந்துது.

அவ இல்ல. சின்ன மரம். உச்சியில ஒண்ணு, கீழ ரெண்டு தொங்குது. பாலும் இல்ல, அடுப்பும் இல்ல.

"நம்பர் அதேதானேம்மா?"

"அதேதான். நாமதான் முன்னாடி ஒரு மரத்தைத் தூக்கிட்டோமே, எல்லாம் ஒரு இடம் முன்ன தள்ளி வந்துடுச்சு. இது அதுக்கு அடுத்தது. நீங்க சொன்னதுதான்."

கூட்டிப் படிச்சேன்.

"அப்புறம் அவ வரல."

டேப்புல பேசின அன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தேன், டீச்சரம்மா என்ன பிஸ்கட்டு குடுத்தாங்க, எல்லாம் தெரியும். இதைச் சொன்னது ஞாபகம் இல்ல. ஆர்கிட்டயும் சொன்னது இல்ல. செல்விகிட்டகூட.

"பழைய மரத்துக்குப் போகட்டுமா தாத்தா? ஒரு தட்டுதான்."

"வேணாம்மா."

எறங்கி செல்வி வீட்டுக்குப் போனேன். கொழாயில தண்ணி பிடிச்சுக்கிட்டிருந்தா.

"எள்ளு வாங்கி வெச்சியா?"

கொடத்தைக் கீழ வெச்சா. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்தா.

அய்யங்குளத்துல கூட்டம். படியெல்லாம் வழுக்குது, அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். ஆர் பேருக்குன்னு ஐயர் கேட்டார்.

பச்சையம்மான்னேன்.