தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே

பிப்ரவரி 11

முதுகு போயிற்று. படகைக் கரையேற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்திய பிறகு இன்றுதான் சுரண்டியைக் கையில் எடுத்தேன். அடியெல்லாம் சிப்பி, பாசி, பெயர் தெரியாத ஏதோ புழு. மல்லாந்து படுத்துச் சுரண்டினால் அத்தனையும் முகத்தில் விழுகிறது. வாயை மூடிக்கொண்டே வேலை செய்கிறேன். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் பழகியதுதான்.

இது என் மனைவியின் படகு. கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் இருந்தது. மாமனார் இதை 'மூத்த மாப்பிள்ளை' என்பார், என்னை இளையவர் என்பார். எனக்கு அலையைப் பார்த்தாலே குடலைப் பிரட்டும். அதனால் மூத்தவரோடு நான் போட்டிக்கே போனதில்லை. வருடா வருடம் அவளே அடியில் படுத்துச் சுரண்டுவாள். நான் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு நிழலில் பேப்பர் படிப்பேன். இந்த வருடம் அவளால் கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும்தான் நடக்க முடிகிறது.

பிப்ரவரி 13

கொப்புளங்கள். சிப்பியைப் பெயர்த்த இடமெல்லாம் அம்மை போட்ட மாதிரி. ஒன்றைக் குத்தினேன், புளித்த வாடையோடு தண்ணீர் வடிந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"வினிகர் வாடையா? அப்ப ஃபைபருக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. எல்லாத்தையும் ஒடச்சு, நல்ல தண்ணியில கழுவிக் கழுவிக் காய விடணும். மாசக்கணக்கா ஆகும். ஈரத்து மேல பூசினா மொத்தமும் பாழ்."

மாசக்கணக்கு. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது வேறு கணக்கு. "மழைக்காலத்தப் பத்தியெல்லாம் இப்ப யோசிக்காதீங்க" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே.

பிப்ரவரி 14

படகுப் பட்டறைக்காரரை அங்கே எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை. "அம்மாவுக்கு எல்லாம் முறைப்படி நடக்கணும் சார். ஒரு பூச்சுப் பூசி எறக்கிடலாம். ஒரு வருஷம் தாங்கும்."

ஒரு வருடம் எதற்கு? ஒரு நாள் தாங்கினால் போதாதா? அவளை ஏற்றி, சுக்கானை அவள் கையில் கொடுத்து, ஒரே ஒரு சுற்று. அதுதான் எனக்கு வேண்டும். அதைத் தவிர அவளுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

மார்ச் 5

உடைப்பது, கழுவுவது, துடைப்பது. மாலையில் வீடு வந்தால் விசாரணை. "நாலு மூலையும் கழுவினீங்களா? நடு அடிக்கட்டைக்குப் பின்னாடி?" கழுவினேன் தாயே, கழுவினேன். வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கேட்கிறாள். சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்க மாட்டாள்.

மார்ச் 20

நேற்று அவள் சொன்னபடி கண்ணாடிப் பிளாஸ்டிக்கைச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுப் படகின்மேல் ஒட்டினேன். மறுநாள் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் ஈரம் இருக்கிறதாம். இன்று பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை!

போட்டோ எடுத்துக் காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தாள். "இவ்ளோ சீக்கிரமாவா? நம்பவே முடியலங்க." சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 22

"இங்க ஏன் சார் ஒட்டினீங்க?" என்றார் அவசரம். "இது தண்ணியவே பாக்காத எடமாச்சே."

முதுகு வளையவில்லை என்று நின்ற வாக்கில் கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டியிருக்கிறேன். தண்ணீர்க் கோட்டுக்கு மேலே! மிதக்கும்போதும் நனையாத இடம் காய்ந்து இருக்காமல் என்ன செய்யும்? படகைப் பற்றி ஒரு எழவும் தெரியாத முட்டாள் நான்.

உடனே படுத்து, கீழே இன்னொன்று ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 23

வேர்த்திருக்கிறது. நன்றாகவே.

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 28

சொல்லவில்லை. அவசரத்தோடு சேர்ந்து பூசிவிட்டேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருக்க எனக்கு நாள் எங்கே இருக்கிறது? நீல பெயின்ட், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள்ளே போய்விட்டது.

ஏப்ரல் 4

ஞாயிற்றுக்கிழமை படகை இறக்கலாம், நாற்காலியோடு தூக்கி ஏற்ற ஆள் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"யாரு போறது? நானா? தலையணையில இருந்து தலையத் தூக்கவே மல்லுக்கட்டறேன். விக்கறதுக்குத்தாங்க உங்கள இந்தப் பாடு படுத்தினேன். எனக்கப்புறம் நீங்க இத வச்சுட்டு அழுவீங்க."

ஆளையும் பார்த்துவிட்டாளாம். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மனைவி, கைக்குழந்தை. "அடி நல்லாக் காஞ்சிருக்கு, நானே பாத்தேன், நம்பி வாங்கலாம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

நானே பாத்தேன். நான் காட்டியதைத்தான் பார்த்தாள்.

ஏப்ரல் 6

வாத்தியார் வந்தார். குழந்தையை மாரோடு கட்டிக்கொண்டு அவர் மனைவி. "அம்மா சொன்னா அப்பீலே கெடையாதுன்னு துறைமுகத்துல எல்லாரும் சொல்றாங்க சார்" என்றார். குழந்தை படகின் அடியைக் கையால் அறைந்து அறைந்து சிரித்தது.

அவசரம் எனக்குக் கண்ணைக் காட்டினார். சும்மா இரு என்று அர்த்தம். இருக்க முடியவில்லை. உள்ளே ஈரம் இருக்கிறது, மேலே பூசியது என் வேலை, அவளுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் குழந்தையின் கையைப் படகிலிருந்து எடுத்துவிட்டார். "நல்ல வேளை சொன்னீங்க" என்றுகூடச் சொல்லவில்லை. போய்விட்டார்கள்.

ஏப்ரல் 7

அவளிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 8

பேசவில்லை. மாத்திரையை என் கையிலிருந்து வாங்க மாட்டேன் என்கிறாள். மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனால்தான் எடுத்துக்கொள்கிறாள். இருக்கிற நாளே கொஞ்சம், அதிலும் கோபமாடீ? கத்தணும்போல இருக்கு. என் தப்புதான். தெரியுது. ஆனாலும் கத்தணும்போல இருக்கு.

ஏப்ரல் 9

பேசினாள்.

"கடலுக்குப் போகணும்னு நான் கேட்டேனா? போகணுமான்னு ஒரு தடவையாவது எங்கிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்டால், இதுதான் கடைசி என்று நான் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயம். அதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, "அது எனக்குத் தெரியாதா, மக்கு" என்றாள். இத்தனை வருடத்தில் என்னை மக்கு என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

பிறகு, "சுரண்டுங்க. எல்லாத்தையும். மொதல்ல இருந்து" என்றாள்.

ஏப்ரல் 24

நீலத் தூள் மூக்கு, காது, தலையணை உறை எல்லாவற்றிலும். உப்புத்தாள் பிடித்துப் பிடித்து விரல் நுனியில் ரேகையே இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவள் படுக்கையில் கிடந்தபடி தேய்க்கிற சத்தத்தைக் கேட்கிறாள். "அழுத்தாதீங்க. கை தானா போகட்டும்." சத்தத்தை வைத்தே தெரிகிறதாம், ராட்சசிக்கு.

மே 9

இன்று அவள் பக்கமிருந்து மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது. நான் லைனைத் துண்டிக்கவில்லை.

மே 26

வலது பக்கம் முடிந்தது. பிளாஸ்டிக் ஒட்டிய போட்டோ காட்டினேன். கண்ணைத் திறக்கவில்லை, "கீழதான ஒட்டினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 8

காலை மருந்துக்கு எழுப்பப் போனேன். எழவில்லை.

ஜூன் 30

வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வீடு துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. பட்டறைக்குப் போனேன். படகின் அடியில் போய்ப் படுத்தேன், கை ஓடவில்லை. அவசரம் வந்து பக்கத்தில் படுத்து, தேய்க்க ஆரம்பித்தார். அந்த மனிதர் ஒரு வேலையை இவ்வளவு மெதுவாகச் செய்து நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 12

அடியில் பல இடங்களில் ஒட்டிப் பார்த்தேன். எங்கேயும் வேர்க்கவில்லை. நாளைக்கு மறுபடி ஒட்டிப் பார்ப்பேன். அவள் இருந்தால் அதைத்தான் சொல்வாள்.

செப்டம்பர் 3

பூச்சு வேலையெல்லாம் முடிந்தது. வாத்தியாருக்குப் போன் போட்டேன். அடி இப்போது காய்ந்துவிட்டது, விருப்பமிருந்தால் வந்து பாருங்கள் என்றேன். அவள் போய்விட்டதைச் சொல்ல வாய் வரவில்லை.

செப்டம்பர் 7

தனியாக வந்தார். இந்தத் தடவை என்னை நம்பவில்லை, அது நியாயம்தான். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் புகுந்து ஓர் அங்குலம் விடாமல் தட்டிப் பார்த்தார். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து முன்னாலிருந்து பின்னால் வரை தடவினார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"வாங்கிக்கறேன் சார். இவ்ளோ சுத்தமா யாரு பண்ணாங்க?"

"எங்க வீட்டம்மா" என்றேன்.

"அப்ப எறக்கற அன்னைக்கு அவங்களையும் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

சரி என்றேன்.