திங்கட்கிழமை நிற்கும் வேன்

2025 ஜூன் 2, திங்கள்

கோயில் வளைவுக்குக் கீழே வேன் நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு மேலே ஏறும்போது. உள்ளே பதினொரு பிள்ளைகள். இரண்டு தரம் இருமியது, அவ்வளவுதான். பின்டயருக்குக் கல் வைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. பெட்ரோல் முள் வேலை செய்யாததால் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். பதுளையில் அடித்தது அப்படியே கழுத்து வரை இருக்கிறது. மறுபடி சாவியைத் திருப்பினேன், கொஞ்ச நேரம் முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஏன் நின்றது? ஏன் ஓடியது?

வீட்டுக்கு வந்தால் வாசலில் என் வீட்டுக்காரர் இந்திரஜித். "ஆக்ஸிலேட்டர சும்மா சும்மா மிதிச்சு கார்பரேட்டர மூழ்கடிச்சிருப்ப."

இந்த வேனைப் பதினாறு வருஷம் ஓட்டியவர். ஜனவரியில் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு நான் ஓட்டுகிறேன். வேன் என்னைவிட எட்டு வயது மூத்தது. எது பழுதானாலும் என் கால்தான் காரணம்.

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கு ஒரு குறையும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக அலவி நானாவின் கராஜ். கார்பரேட்டரைக் கழற்றி மேசையில் பிரித்து வைத்தார். பெட்ரோல் தங்கும் கிண்ணத்தின் அடியில் மாவு மாதிரி அழுக்கு. பெட்ரோல் பாயும் ஜெட்டின் துவாரங்களுக்குள் காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொன்றாக என்னிடமும் காட்டினார்.

"இவ்வளவு குப்பை இருந்தா எந்த வேன்தான் மலை ஏறும்? ஒங்கட காலுல ஒரு பிழையும் இல்ல தங்கச்சி."

அந்தக் கடைசி வசனத்தை வீட்டில் போய் அப்படியே சொன்னேன். இந்திரஜித் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஜூன் 9, திங்கள்

மறுபடியும். அதே ஏற்றம். இந்த முறை கோயிலையும் தாண்டி, பள்ளத்துப் பக்கம்.

ஹேண்ட்பிரேக் பிடிப்பதற்குள் இரண்டு அடி பின்னால் வழுக்கியது. இரண்டே அடிதான். ஆனால் மதுஷா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவள் அம்மா ராசம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அதே ரோட்டில் வந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். கதவைத் திறந்து மதுஷாவையும் தம்பியையும் இறக்கினாள்.

"கோவிச்சுக்காத துஷாந்தி. எனக்கு இருக்கிறதே இது ரெண்டுந்தான்."

எப்படிக் கோவிப்பேன்? அவள் இடத்தில் நான் இருந்தால் கத்தியிருப்பேன்.

அழுக்கு டாங்கியிலிருந்துதான் வருகிறதோ என்று மூடியைத் திறந்து பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. சற்று நேரத்தில் வேனும் கிளம்பிவிட்டது. சூடு ஆறினால் ஓடுகிறது போல.

ஜூன் 10, செவ்வாய். பௌர்ணமி, போயா லீவு

மொனராகலையில் பழைய வேன்களை வாங்கிச் சேர்க்கிற ஒரு ஆள் இருக்கிறானாம். இந்திரஜித் அவனிடம் பேசியே விட்டார். வருகிற சனி விட்டு அடுத்த சனி பார்க்க வருகிறான்.

என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. ஒரு வார்த்த! "புள்ளைங்க உயிரோட வெளையாட முடியாது" என்றார். அது சரிதான். ஆனா அதுக்கு மட்டுமா விக்கிறாரு? காலையில் நான் சாவியை எடுக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

அலவி நானா இன்று பம்பைச் சோதித்தார். கார்பரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டு, என்னைச் சாவி திருப்பச் சொன்னார். பெட்ரோல் துடித்துத் துடித்துப் போத்தலில் விழுந்தது. பம்ப் வேலை செய்கிறது. ஆனாலும் பிரித்து, உள்ளே இருந்த பழைய ரப்பர் சவ்வை மாற்றினார். கழற்றியதை விரித்துக் காட்டினார். தளர்ந்திருந்தது, கிழியவில்லை.

"இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். "அடுத்த தரம் நின்னா ஒடனே இதே மாதிரி போத்தல்ல விட்டுப் பாருங்க. ஓடுற நேரத்துல எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்."

ஜூன் 13, வெள்ளி

இன்னும் நான்கு பிள்ளைகள் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். மிச்சம் ஐந்து.

ஜூன் 16, திங்கள்

நின்றது. வரட்டும் என்று காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நல்ல சமதரையாகப் பார்த்து ஓரங்கட்டி, ஐந்து பேரையும் மண்மேட்டில் உட்கார வைத்தேன். எஞ்சின்மேல் இருக்கும் சீட்டைத் தூக்கி, குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டு, சாவியைத் திருப்பினேன். போய்ப் பார்த்தால் போத்தல் காய்ந்து கிடக்கிறது. ஒரு சொட்டு இல்லை. அப்படியென்றால் கார்பரேட்டர் குற்றவாளி இல்லை. பம்ப்? புதுச் சவ்வு போட்டு நான்கு நாள்தானே ஆகிறது.

டாங்கியில் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். இவ்வளவு நாளும் பிள்ளைகளின் கூச்சலிலும் கச்சான் காற்றிலும் அது கேட்கவில்லை போலும். திரும்பி வந்து சாவியைப் போட்டேன். போத்தலில் பெட்ரோல் குதித்தது.

வீட்டுக்கு வந்து இந்தக் குறிப்புக் கொப்பியைத்தான் முதலில் எடுத்தேன். நின்ற மூன்று நாளும் திங்கள். திங்கட்கிழமைதான் பதுளை பெட்ரோல் ஷெட்டில் டாங்கி நிறைய அடிப்பேன். மூன்று தரமும் மூடியைத் திறந்த பிறகுதான் ஓடியிருக்கிறது. சூடு ஆறியதால் இல்லை.

எழுதி வைத்தது நான். படிக்கத்தான் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

அலவி நானா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மேசையில் இருந்த பிளாஸ்டிக் போத்தலை எடுத்து வாயை விடாமல் உறிஞ்சினார். போத்தல் நசுங்கி ஒடுங்கியது. "இதுதான் ஒங்கட டாங்கி. பெட்ரோல் போற அளவுக்கு உள்ள காத்து வரணும். வராட்டி பம்ப் என்னத்த இழுக்கும்? டாங்கி நெறஞ்சிருந்தா உள்ள இருக்கிற காத்தும் கொஞ்சம். சுருக்கா இழுபட்டுப் போகும்."

பிறகு மூடியைத் திருப்பிப் பார்த்தார். காற்று வர ஒரு சின்ன ஓட்டை இருக்க வேண்டுமாம். இதில் இல்லை. "இது இந்த வேன்ட மூடியே இல்ல, தங்கச்சி."

பூட்டுப் போட்ட மூடி. மூன்று வருஷத்துக்கு முந்தி, பெட்ரோல் வரிசைக் காலத்தில், தோட்டத்து லய வீடுகள் பக்கம் நிறுத்தினால் இரவோடு இரவாக உறிஞ்சிவிடுகிறார்கள் என்று இந்திரஜித் எங்கிருந்தோ வாங்கி மாட்டியது. எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. நல்ல சந்தோஷம் இல்லை.

"அப்ப மூணு வருஷமா எப்படி ஓடிச்சு?" என்று நானே கேட்டேன். நானா மூடிக்குள் விரலை ஓட்டினார். "ரப்பர் வளையம் புதுசா இருக்கே."

போட்டது நான். மே மாதக் கடைசியில், பெட்ரோல் வாடையில் மதுஷா வாந்தி எடுத்தாள் என்று. பழையது வெடித்துப் போய்க் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. நான் இறுக்கி அடைத்துவிட்டேன்.

நானா தன் பழைய சாமான் தகரத்தில் தேடிச் சரியான மூடி ஒன்றை எடுத்துப் போட்டார்.

வீட்டில் மூடியை மட்டும் சொன்னால் போதும். ரப்பரைப் பற்றி யாருக்குத் தெரியப் போகிறது?

ஜூன் 18, புதன்

இரண்டையும் சொன்னேன். சாப்பாட்டின் நடுவில்.

இந்திரஜித் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்ப மூடி போட்டது நானு."

"ரப்பர் போட்டது நான்."

"நீ மிதிச்சதுல ஒண்ணும் இல்ல."

"இல்ல."

இடது கையால் சோற்றைப் பிசைந்தபடியே, "ஆறு மாசமா ஒன்ன ஏசிக்கிட்டே இருந்திருக்கேன்" என்றார். நான் ரசம் ஊற்றினேன்.

ஜூன் 21, சனி

மொனராகலை ஆள் வந்தான். வேனைச் சுற்றிச் சுற்றி வந்தான், கண்ணாடியைத் தடவினான், குனிந்து அடியைப் பார்த்தான். பிறகு இந்திரஜித்திடம், "என்ன சொல்றீங்க அண்ணே?" என்றான்.

"ஓட்டுறவங்ககிட்ட கேளுங்க."

அவன் சிரித்தான், பகிடி என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் என் பக்கம் திரும்பினான். இல்லை என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

ஜூன் 23, திங்கள்

டாங்கி நிறைய அடித்தேன். நிற்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

இன்றைக்கும் நிறைய அடித்தேன். நிற்கவில்லை. இரண்டு திங்களாக ராசம்மா ரோட்டோரம் நின்று வேன் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் ராசம்மா இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிவிட்டாள். நான் மூடிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். "அதெல்லாம் எனக்கு வெளங்காது. மெதுவா போ" என்றுவிட்டு, தோட்டத்தில் பேர் கொடுக்கிற காலைப் பெரட்டுக்கு ஓடினாள்.

ஜூலை 8, செவ்வாய்

இந்திரஜித்துக்கு கிளினிக் நாள். நோய் வந்ததிலிருந்து பஸ்ஸில்தான் போவார். எவ்வளவு கூட்டம் என்றாலும் பஸ்தான். இன்று நான் வேனைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சட்டை மாற்றிக்கொண்டு வந்து, கேட்காமலே இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினார்.

வழியில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டோம். முதல் வளைவில், இல்லாத பிரேக்கை அவர் கால் தேடி மிதித்தது. இரண்டாவது வளைவிலும். நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன். ஹாலிஎல வருவதற்குள் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

பின்னால் ஒரே கூச்சல். மெதுவாகப் பேசும்படி பிள்ளைகளுக்குச் சைகை காட்டினேன். பதுளை வரை அவரை எழுப்பவில்லை.