லாங்கி எழுதிய செலவுப் பட்டியல்

அன்புள்ள அம்மா,

ஞாயிற்றுக்கிழமை வராததற்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். அது பொய். உன் முகத்தில் விழிக்கக் கூசித்தான் நம் தீவுக்குப் படகு ஏறவில்லை.

பள்ளியில் இப்போது ஏழாம் வகுப்புக்குப் பணத்தைக் கையாளும் பாடம் எடுக்கிறேன். இந்த வருடம் வீட்டில் ஆன பெரிய செலவுகளை எழுதி வரச் சொன்னேன். லாங்கி என்ற மாணவியின் தாளில், "சாவு வீட்டுக்குச் சீராக இரண்டு பெட்டி டின் இறைச்சி, சன்னமாக முடைந்த ஒரு பாய்" என்றிருந்தது. அவளுடைய பள்ளிக் கட்டணத்தைவிட அது அதிகம். சிவப்பு மையால் அடித்து, "வீண்" என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் அவள் என் மேசையருகே வந்தாள்.

"மிஸ், அது உங்க அப்பா சாவுக்குக் கொண்டுவந்தது. நாங்க எல்லாரும் படகுல வந்தோமே."

தாளைக் கொடு, திருத்தித் தருகிறேன் என்றேன்.

"அம்மா அத சுவத்துல ஒட்டிட்டாங்க மிஸ். டீச்சரே எழுதியிருக்காங்க, இனிமே பாத்து நடக்கணும்னாங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. பாடம் புரிந்துவிட்ட பெருமையோடு சொன்னாள்.

அப்பாவின் சாவன்று யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீதான் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் சொல்லி, முற்றத்தில் நின்று நன்றி சொன்னாய்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அதற்குள் அந்த நன்றி வார்த்தைகளை எழுதி அனுப்பு அம்மா. இத்தனை படித்தும் அவை எனக்குத் தெரியாது.

உன் மகள்