பனங்கட்டியும் பூவரசங்கம்பும்

என் அன்பு அக்காவுக்கு,

நீ போன பிறகு எனக்குச் சண்டை பிடிக்க ஆளில்லை. நேற்று, பெற்ற ஐயாவோடேயே பிடித்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

புளியங்கூடல் வீட்டில் ஐயா வைத்திருந்த சட்டம் உனக்கு மறந்திருக்காது. பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்புவித்தால் பனங்கட்டி, இல்லாவிட்டால் பூவரசங்கம்பு. சுகாதாரப் புத்தகத்தில் இரத்தப்போக்கை நிறுத்தும் பாடம் வந்த அன்று நான் கடகடவென்று ஒப்புவித்துப் பனங்கட்டியை வாயில் போட்டேன். அது கரைந்து முடிவதற்குள் பாடமும் போய்விட்டது. நீயோ, "ஏன் ஐயா காயத்துக்கு மேலை கட்டோணும்?" என்று கேட்டாய்.

"எதிர்க்கேள்வி கேக்கிறியோ?" என்று ஐயா உன் முதுகில் விளாசினார். அழுது முடித்த கையோடு, பழந்துணியை எடுத்து, ஐயா உட்காரும் கதிரையின் காலில் கட்டிக் கட்டிப் பார்த்தாய். அதற்கு உனக்கு யார் என்ன தந்தார்கள்?

பிறகொரு நாள் இராணுவ ஹெலிகொப்டர் வந்து சுட்டது. முற்றத்தில் நின்ற என் தொடை பிய்ந்து இரத்தம் பீறியது. ஐயா குசினிக்குள் ஓடிக் கோப்பித்தூள் பேணியோடு வந்தார். காயமென்றால் ஊரில் எல்லோரும் அப்புவது அதைத்தானே?

"அதைப் போடாதேங்கோ, இந்த இரத்தம் அதுக்கு நிக்காது!" என்று பேணியைத் தட்டிவிட்டாய். தாவணியைக் கிழித்துக் காயத்துக்கு மேலே கட்டினாய். ஐயாவின் பூவரசங்கம்பை முடிச்சில் செருகி முறுக்கினாய். வலியில் உன் கையைக் கடித்தேன், நீ விடவில்லை. இரத்தம் நின்றது. அந்தக் கம்பு ஒருநாளாவது உருப்படியான வேலை செய்தது.

பக்கத்து வீட்டில் ஓலம். "கட்டிப்போட்டு வாறன்" என்று மிச்சத் தாவணியோடு ஓடினாய். ஹெலி திரும்பி வந்தது. வேலியடியிலிருந்து உன்னை அள்ளி வந்தபோது, கட்டுவதற்கு உன் உடம்பில் இடமே இருக்கவில்லை.

நேற்று, இடம்பெயர்ந்து வந்த இந்தக் கொட்டிலில், ஐயா என் மகளிடம் பனங்கட்டியை நீட்டி ஒப்புவிக்கச் சொன்னார். அவள், "கடல் தண்ணி ஏன் உப்பு, அம்மப்பா?" என்று கேட்டாள். ஐயாவின் கை ஓங்கியது. பாய்ந்து அந்தக் கையை முறுக்கினேன். பனங்கட்டியைப் பறித்து வெளியே எறிந்தேன்.

"இதைத் திண்டனான், மறந்தனான்! கேள்வி கேட்டவள்தான் என்னைக் காப்பாத்தினவள்!"

ஐயா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளையை மடியில் இருத்தி, "இன்னொருக்கால் கேள், குஞ்சு" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, என் பிள்ளைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இனிப்பும் வராது, கம்பும் வராது. கை ஓங்குகிறவர் யாராயிருந்தாலும் அந்தக் கையை முறிப்பேன்.

நீ கட்டிய காலால் நடக்கும்
உன் தங்கச்சி