கொழும்பிலிருந்து சொன்ன வோட்டு

கொழும்பு, செட்டியார் தெரு
8-12-1947

சௌபாக்கியவதி சொர்ணத்துக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதமும் வடிவு வரைந்து அனுப்பிய யானையும் வந்து சேர்ந்தன. யானைக்கு ஐந்து கால் இருக்கிறது. பரவாயில்லை, பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். குழந்தையின் இருமல் நின்றதா?

இப்போது முக்கியமான விஷயம். திவான் ஆட்சி போய், திருவிதாங்கூரில் ஆண் பெண் எல்லாரும் வோட்டுப் போடப்போகிறீர்கள் என்று பத்திரிகையில் படித்தேன். நீங்கள் அனுப்புகிற மெம்பர்கள் கூடித்தான் நாட்டுக்குப் பிரதம மந்திரியைத் தேர்ந்தெடுப்பார்கள். விளையாட்டாக எண்ணாதே. இங்கே நடந்த எலெக்ஷனில் நானே வரிசையில் நின்று வோட்டுப் போட்டவன். மேடையில் கைதட்டல் வாங்குகிறவன் வேறு, நாட்டை நடத்துகிறவன் வேறு என்று கண்ணால் பார்த்துவிட்டேன். நமக்கு வேண்டியது நிர்வாகம் தெரிந்த தலைவர். அப்படி ஒருவரைக் கொண்டுவர அதற்கேற்ற மெம்பர்கள் வேண்டும்.

நம் பகவதிப்பெருமாள் அண்ணாச்சி சுயேச்சையாக நிற்கிறாராம். அரிசி மண்டி வைத்து ஊருக்கே சோறு போட்டவர். உன் வோட்டு அவருக்குத்தான். தெருப் பெண்களும் உன் பேச்சைக் கேட்பார்கள், சொல்லி வை.

அன்புடன்,
தாணுலிங்கம்


திருவனந்தபுரம், ஆரியசாலை
1123 மார்கழி 5 (20-12-1947)

அன்புள்ள அத்தானுக்குச் சொர்ணத்தின் நமஸ்காரம்.

இருமல் நின்றுவிட்டது. அது ஐந்தாவது கால் இல்லையாம், வாலாம். அப்பாவிடம் டூ என்று சொல்லியிருக்கிறாள்.

"ஊருக்கே சோறு போட்டவர்" என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன், குற்றம் என்னுடையது. பர்மா அரிசி நின்றுபோன வருஷம், "எல்லாரும் சுகம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை" என்று உங்களுக்கு எழுதினேன். பொய், அத்தான். தூரதேசத்தில் இருக்கிறவர் சாப்பிடாமல் கவலைப்படுவாரே என்று எழுதிய பொய். விடிந்ததும் வடிவைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியின் மண்டி முன்னால் வரிசையில் நிற்பேன். ஒரு நாள், "ஸ்டாக் தீர்ந்தாச்சு, போங்க போங்க" என்று பலகையை அடைத்தார். தலை சுற்றி, சந்துக்குள் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பின்வாசல் வழியாக வண்டி வண்டியாக மூட்டை போகிறது. அடுத்த வீட்டு ராகேல் டீச்சரும் அன்று என்னோடு நின்றாள். பட்டினியில் கால் வீங்கிப் படுத்திருந்த அவள் அம்மா அந்தப் பங்குனியிலேயே போய்விட்டாள்.

இவர் தேர்ந்தெடுக்கிற பிரதம மந்திரி எப்படி இருப்பார்? நீங்களே யோசியுங்கள்.

தங்கள்
சொர்ணம்


கொழும்பு
6-1-1948

சொர்ணம்,

படித்துவிட்டு அன்று பூராவும் வேலை ஓடவில்லை. என்னிடம் மறைத்தாயே என்று கோபம். ஆனால் அது போன கதை. யுத்த காலத்தில் எந்த வியாபாரி சுத்தமாக இருந்தான்?

நேரில் சொல்ல வைத்திருந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி சாலைக் கடைத்தெருவில் பெரிய ஜவுளிக்கடை திறக்கப்போகிறார். மானேஜராக என்னைக் கூப்பிடுகிறார். எலெக்ஷன் முடிந்ததும் வரச்சொல்லி அவர் கைப்படக் கடிதம் வந்திருக்கிறது. நம் தெருப் பெண்களின் வோட்டுக்கு நான் பொறுப்பு என்று பதில் எழுதிவிட்டேன்.

பதினோரு வருஷம் ஆயிற்று, சொர்ணம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருகிறேன். வடிவு ஒவ்வொரு தடவையும் தூணுக்குப் பின்னால் ஒளிகிறாள். எனக்கு வீட்டுக்கு வரவேண்டும். ஒரு வோட்டினால் நாடு கெட்டுவிடாது. என்னை ஊர் சேர்த்துவிடு.

தாணுலிங்கம்


திருவனந்தபுரம்
1123 மாசி 8 (20-2-1948)

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையை எழுத முடியாது. நீங்கள் வீட்டில் இருக்கவேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசை இல்லையா?

வோட்டுக்கு நாலு நாள் முன்னால் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். "என்ன சொர்ணம், தாணு எழுதியிருப்பானே?" என்றார்.

"எழுதியிருக்காக அண்ணாச்சி."

"அப்போ காரியம் செரியாச்சு, கேட்டியா? இருபது பொம்பளையளையும் நீயே கூட்டிக்கிட்டு வந்திரு. வண்டி அனுப்புதேன்."

"வண்டி வேண்டாம் அண்ணாச்சி. அன்னைக்கு அரிசிக்கு நடந்துதான வந்தோம், இதுக்கும் நடந்தே போறோம். ஆனா என் வோட்டு உங்களுக்கு இல்ல. மத்தவகளுக்கும் உங்க பேரைச் சொல்லமாட்டேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "புருஷன் சொல்லைத் தட்டுதியே, அவன் வந்து என்ன செய்வான் தெரியுமா? எங்கிட்ட இனி அவனுக்கு வேலை கிடையாது" என்றார்.

"தெரியும். அதை யோசிச்சுத்தான் சொல்லுதேன்" என்றேன். வடிவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

காந்தி போன துக்கம் தீருமுன்னே வோட்டு நாள் வந்துவிட்டது. ராகேலும் நானும் முன்னால் போனோம். மற்றப் பெண்கள் தாங்களாகவே பின்னால் வந்தார்கள். யாருக்குப் போடவேண்டும் என்று நான் ஒருத்தியிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் மலையாள உத்தியோகஸ்தர், "பர்த்தாவு எவிடே?" என்று கேட்டார். புருஷன் கொழும்பில் என்றேன். "அப்போ நிங்ஙள் தனிச்சோ?" என்றார். தனியாகத்தான் என்று உள்ளே போனேன்.

அண்ணாச்சி தோற்றுவிட்டார். உங்கள் மானேஜர் வேலையும் போய்விட்டது. போக்கியது நான்தான். மன்னிப்புக் கேட்டால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும். அதனால் கேட்கவில்லை. திட்டியாவது எழுதுங்கள்.

தங்கள்
சொர்ணம்


கொழும்பு
24-8-1948

சொர்ணத்துக்கு,

நீ அடுத்தடுத்துப் போட்ட மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் எழுதவில்லை. ஆறு மாதமும் கோபம்தான். என் வீட்டு வாசலை என் பெண்டாட்டியே அடைத்துவிட்டாள் என்று கூட இருக்கிறவர்களிடம் சொல்லித் திரிந்தேன்.

போன வாரம் எங்கள் துணிக்கடை முதலாளி எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்டார். நீ எங்கே பிறந்தாய், உன் அப்பன் எங்கே பிறந்தான்? சுசீந்திரம் என்றேன். யார் இந்த நாட்டுக்காரன் என்று புதுச் சட்டம் வருகிறது. நமக்கெல்லாம் இனி வோட்டு இருக்காது என்று பேசிக்கொள்கிறார்கள். என்னோடு கடையில் வேலை செய்கிற, முப்பது வருஷமாக இந்த நாட்டிலேயே இருக்கிற வெங்கடகிருஷ்ணன் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போனார். வோட்டுத்தானே என்று சமாதானம் சொல்லப் போனேன். ஒரு வோட்டினால் நாடு கெட்டுவிடாது என்று உனக்கு நான் எழுதியது நினைவு வந்தது. அப்போதுதான் நீ அண்ணாச்சி முன்னால் மாட்டேன் என்று நின்றது எனக்கு விளங்கிற்று.

நானும் உனக்கு ஒரு பொய் எழுதி வந்திருக்கிறேன். மின்விசிறி வைத்த அறை என்று எழுதினேனே, அப்படி ஒன்று கிடையாது. கடைக்குப் பின்னால் துணி மூட்டைகளின் மேல் ஆறு பேர் படுக்கிறோம். உனக்கு அந்தப் பஞ்ச வருஷம் எப்படியோ, எனக்குப் பதினோரு வருஷமும் அப்படி.

அங்கே எனக்கு வேலை இல்லை. இங்கே இருக்க மனம் இல்லை. என்ன செய்யட்டும்? நீ சொல்வதைச் செய்கிறேன்.

தாணுலிங்கம்


திருவனந்தபுரம்
1124 ஆவணி 22 (7-9-1948)

அன்புள்ள அத்தானுக்கு,

வாருங்கள். வேலை கிடைத்த பிறகு என்று யோசிக்கவேண்டாம்; வந்து தேடிக்கொள்ளலாம். மாசியிலிருந்து நான் நாலு வீட்டுப் பெண்களுக்குத் தையல் சொல்லித் தருகிறேன். அடுப்பு எரிகிறது. இது பொய் இல்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறும் அன்றைக்கே தந்தி கொடுங்கள். தம்பானூர் ஸ்டேஷனுக்கு நானும் வடிவும் வந்து நிற்போம். அவள் என் பின்னால் ஒளிந்தால் விட்டுவிடுங்கள். நாலு நாளில் சரியாகிவிடும்.

பிரதம மந்திரியைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லாதவை நிறைய உண்டு. அதையெல்லாம் இனி எதிரெதிரே உட்கார்ந்து பேசிச் சண்டை போடுவோம். ஒவ்வொரு பதிலுக்கும் பதினைந்து நாள் காத்திருக்க இனி என்னால் ஆகாது.

தங்கள்
சொர்ணம்