கிராணி வீட்டு விமானம்

ஞாயிறு, தைப்பூசம் கழிந்த வாரம்.

பேத்தி வாணியைப் பெண் கேட்டு வந்த பையன், எனக்கென்று மரத்தில் ஒரு விமானம் செய்து கொண்டுவந்தான். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை.

"அந்தக் காலத்துல தபால் கொண்டு வந்தது பாட்டி. மூட்டை முன்னால, ஓட்டுறவரு பின்னால. மழையில நனைஞ்சுகிட்டே வருவாரு லா."

"நீ யாரு வீட்டுப் பிள்ளை?"

"எங்க தாத்தாவோட அப்பா பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டுல பெரிய கிராணி. ஆபீஸ் கணக்கு, தபாலு எல்லாம் அவரு கையிலதான்."

அந்தக் கிராணியேதான். அம்மா அந்த எஸ்டேட்டில்தான் கூலி வேலை செய்தாள். அம்மாவின் அப்பா சாகக் கிடக்கிறார் என்று ஊரிலிருந்து மாமா விமானத் தபாலில் எழுதினார். கடல் தாண்டிப் பறந்து வந்த கடிதத்தை அந்தக் கிராணி சம்பள நாள் வரை ஆபீஸில் போட்டு வைத்தான். படித்தால் அழுதுகொண்டு வேலைக்கு வரமாட்டார்களாம். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வான். அம்மா கைக்கு வந்தபோது ஊரில் கருமாதியே முடிந்திருந்தது.

"சரின்னு சொல்லுங்க பாட்டி," என்றாள் வாணி.

"உனக்குச் சம்பளம் எப்போ?" என்று பையனைக் கேட்டேன்.

"மாசக் கடைசி, பாட்டி."

"அன்னிக்கு வா. பதில் சொல்றேன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விமானத்தை அம்மா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். மழையில் நனைந்துகொண்டு தபால் கொண்டுவந்தவன் மேல் குற்றமில்லை. பையனும் நல்லவன்தான். சரி என்றுதான் சொல்லப் போகிறேன். ஆனால் சம்பள நாள் வரை காத்திருக்கட்டும்.