சுரண்டாமல் விட்ட மூலை

ஜூன் 9
மூன்றாவது தடவையும் போச்சு. பழைய குப்பைமேட்டுச் சரிவில் நட்ட புங்கங்கன்றுகள் எல்லாம் கருகி நிற்கின்றன. மண்ணில் வெள்ளை வெள்ளையாக உப்பு. நகரசபையில் செடி கொடிக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. ஒன்றைக் காப்பாற்றத் துப்பில்லை. மேட்டடி வீடுகளுக்குள் புழுதி அடிக்கிறது. பூங்கா வரும் என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்தவளும் நான்தான்.

மேலதிகாரி சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை பாருங்கம்மா. இல்லன்னா கான்கிரீட் போட்டு மூடிடலாம்."

ஜூன் 12
களையை எல்லாம் சுரண்டிவிட்டுப் புதுமண் பரப்பி நடுவதாக முடிவு. மண்வாரி இயந்திரம் ஓட்டும் தம்பி முக்கால்வாசி முடித்திருந்தார். கிழக்கு மூலை மட்டும் பாக்கி. வீட்டிலிருந்து போன் — மனைவிக்கு வலி கண்டுவிட்டதாம்.

"அக்கா, நான் கிளம்பட்டுமா?"

"இதையெல்லாம் கேட்டுக்கிட்டா நிப்பாங்க? ஓடுங்க."

ஜூன் 13
பெண் குழந்தை. இருவரும் சுகம். அப்பாடா.

ஜூன் 20
புதுமண்ணில் கன்று நட்டாயிற்று. அன்றே மழை பிடித்துக்கொண்டது. தம்பி லீவு முடிந்து வந்தும், மூலையைச் சுரண்ட இந்தச் சேற்றில் இயந்திரம் மேடேறாது.

ஆகஸ்ட் 2
மழை விட்டு இன்றுதான் மேலே போனேன். புதுமண் பாதி கரைந்து வீட்டு வாசல்களில் கிடக்கிறது. கன்றுகளும் அதோடு போய்விட்டன.

ஆனால் அந்த மூலை! உப்புநிலத்தில் வளரும் உமரிச்செடி படர்ந்திருக்கிறது. சிவந்த தண்டு, நீர் கோத்த குட்டி இலைகள். விதையைக் கொண்டுவந்தது காற்றா, பறவையின் காலில் ஒட்டிய சேறா? செடியை விலக்கிப் பார்த்தேன். அடியில் நிழலும் ஈரமும். மேலே உப்புப் பூக்கவில்லை. இதையா பிடுங்கச் சொன்னேன்? அந்தத் தம்பி மட்டும் அன்றைக்குக் கிளம்பாமல் இருந்திருந்தால்?

ஆகஸ்ட் 5
மேலதிகாரியை மேட்டுக்கே அழைத்துப்போனேன்.

"களை வளர்க்கவாம்மா உங்களுக்கு வேலை?"

"ஒரு வருஷம் விட்டுப் பாருங்க சார். சரிவரலன்னா கான்கிரீட்டுக்கு நானே கையெழுத்துப் போடறேன்."

வெகுநேரம் குனிந்து பார்த்தார். "சரி, வேலி போட்டுக்குங்க."

என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. "களைக்கு வேலி போட்ட முதல் ஆள் நீதான்." கேலி செய்தவரே ஞாயிற்றுக்கிழமை கம்பி கட்டவும் வருகிறாராம்.

ஜனவரி 17
மூலையில் முற்றிய உமரி விதையைச் சரிவு முழுக்கத் தூவினோம். மேட்டடி அம்மா ஒருவர் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "பூங்கான்னு சொல்லிட்டு இப்பப் புதரைக் காட்டறீங்களே." நியாயமான கோபம். திட்டிக்கொண்டே மடி நிறைய விதை வாங்கித் தூவினார். அவர் இருந்த திசைக்கே ஒரு கும்பிடு போடத் தோன்றியது.

ஏப்ரல் 4
சரிவு பாதி மூடிவிட்டது. உமரிக்கு நடுவே சாரணைக்கொடியும்.

மறு வருடம், செப்டம்பர் 18
உமரிக்கு இடையில் தும்பை பூத்திருக்கிறது. அவ்வளவு உப்பில் தும்பை தலைகாட்டாது. உப்பு இறங்கத் தொடங்கிவிட்டது. கான்கிரீட் பேச்சை மேலதிகாரி எப்போதோ விட்டுவிட்டார்.

பக்கத்தில் பெரியவர் ஒருவர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தும்பைய யாரும்மா நட்டது?"

"யாரும் நடலீங்க. தானா வந்தது."

"பிடுங்க மாட்டீங்களே?"

"மாட்டோம்."

தலையாட்டிவிட்டு, பாயில் சற்று நகர்ந்து எனக்கும் இடம்விட்டார்.